பொருத்தமெல்லாம் பார்த்தாச்சு

பணம் கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வந்த பெண்களை ஒளித்துவைத்திருக்கும் வீடு எங்களுடையது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்டால் ஏதோ பெண்கள் விடுதி என்பார்கள்.

வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போவதாகச் சொன்னதும், எங்கள் கணக்குவழக்கைப் பார்க்கும் என் தம்பி ஓர் அறக்கட்டளையைப் பிடித்துவந்தான். அவர்கள் கொடுத்தால் வீட்டை நாங்களே வாங்கிவிடலாம். நான் சும்மா விடுவேனா? பணம் எங்கிருந்து வருகிறது, சாராயமா வட்டியா, கொடுத்த இடத்திலெல்லாம் மூக்கை நுழைத்தார்களா என்று குடைந்தெடுத்தேன்.

“அக்கா, பொண்ணு குடுக்கவா போறோம்?” என்றான் தம்பி.

“அதுக்கும் மேல. வாய மூடிட்டு இரு.”

குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பெண்களின் பாதுகாப்புக்கென்றே தொடங்கிய அறக்கட்டளை. சந்தேகப்பட்டதற்கு எனக்கே வெட்கமாகிவிட்டது.

நேற்று அவர்களுடைய அதிகாரி நேரில் பார்க்க வந்தார். சின்ன வயது, நல்ல பெண். இங்கே யாரையும் படம் எடுக்கக் கூடாது என்றேன். “ஐயோ, எனக்குத் தெரியாதாங்க?” என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்.

இன்று காலை தையல்காரி ஓடிவந்தாள். எங்களிடம் இருப்பவர்களில் ரொம்பப் பயந்தவள் அவள்தான். கணவன் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்கிறான். போனை நீட்டினாள். அறக்கட்டளையின் ஃபேஸ்புக் பக்கத்தில் எங்கள் வாசல் கேட்டின் படம். துணிச்சலான பெண்களின் புகலிடத்தில் இன்று, என்று ஒரு வரி. கீழே வழிகாட்ட வரைபடம் வேறு. ஆயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

அதிகாரிக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

“யாரு மூஞ்சியுமே தெரியலையேங்க! வெறும் கேட்டுதானே?” என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. படத்தை உடனே எடுத்துவிட்டார், மன்னிப்பும் கேட்டார். என்னவென்று திட்டுவது? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர்கள் பணத்தின் பூர்வீகத்தையெல்லாம் விசாரித்த நான், நாங்கள் செய்யும் வேலை அவர்களுக்கு விளங்கியதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மதியத்துக்குள் எல்லோரையும் தெரிந்தவர் வீடுகளுக்குப் பிரித்து அனுப்பினோம். வண்டியில் இடமில்லாததால் தையல்காரி மெஷினை விட்டுவிட்டு, குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு ஏறினாள். எப்போது திரும்பி வரலாம் என்று அவள் கேட்கவே இல்லை.

காலி அறையில் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தேன். தம்பி வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

“அக்கா, ஒத்துக்கிட்டாங்க. முழுப் பணமும் தராங்களாம். ஆனா இந்த வீட்ட வாங்க மட்டும்தானாம்.”

“வாங்கி?” என்றேன். “யாருடா இங்க இருக்கப் போறா?”