கையில் கொடுக்க வேண்டிய பூ

முதல் மலர்வளையம் காலை ஒன்பதேகாலுக்கு வந்தது. அன்ஸாப் அதைக் கேட் வாசலிலேயே மறித்துவிட்டான். கொண்டு வந்தவர் பக்கத்துப் பாடசாலையின் சிங்கள அதிபர். வெள்ளை உடுப்பில், வளையத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உள்ளே வருவதா திரும்பிப் போவதா என்று தெரியாமல் நின்றார். முஸ்லிம்களாகிய எங்கள் ஆட்களின் ஜனாஸாவில் இறந்தவருக்குப் பூ வைப்பதில்லை என்று அன்ஸாப் சிங்களத்தில் பணிவாகத்தான் சொன்னான். ஆனாலும் மனுஷனின் முகம் விழுந்துவிட்டது.

அன்ஸாப் சொன்னதில் பிழையில்லை. பிழை என்றால் மௌத்தான ஆளில்தான் இருந்தது. ஸக்கரியா உக்குவளையில் இருபத்தேழு வருடம் பூ விற்றவர். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும், கோயிலுக்கும் பௌத்தப் பன்சலைக்கும் அவருடைய கடைப் பூதான் போகும். ஊரில் யாருக்காவது மூச்சு நின்றால் சொந்தக்காரருக்கு அடுத்ததாக அவருக்குத்தான் தகவல் வரும். அப்பேர்ப்பட்ட ஆள் போய்விட்டால் சனம் வெறுங்கையோடு வருமா?

ஸக்கரியாவின் மகள் றுஸைனா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வாப்பாவோடு பதினைந்து வருடம் கடையில் நின்றவள் அவள். அவள் தம்பி அன்ஸாப் கொழும்பில் வேலை, விடியச் செய்தி கேட்டு ஓடி வந்தவன். அவள் அதிபரின் கையிலிருந்து வளையத்தை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"மையத்துக்குத்தானே தம்பி கூடாது? கடைக்கு வைக்கலாம்" என்றாள்.

வீட்டின் முன்னறைதான் கடை. அவள் ஷட்டரை இடுப்பளவுக்கு உயர்த்தி, குனிந்து உள்ளே போய், வளையத்தைச் சுவரோடு சாத்தி வைத்தாள். அதிபருக்கு உயிர் வந்தது. உள்ளே வந்து நாற்காலியில் இருந்து, தன் மகளின் கலியாணத்துக்கு ஸக்கரியா கட்டிய மணவறையைப் பற்றி அரை மணி நேரம் கதைத்துவிட்டுத்தான் போனார்.

விடிகாலை ஸுபஹ் தொழுதுவிட்டு ஸக்கரியா தேத்தண்ணி கேட்டிருந்தார். மனைவி கைறுன்னிஸா கோப்பையோடு வந்தபோது தொழுகைப் பாயிலேயே சாய்ந்து கிடந்தார். அறுபத்தெட்டு வயது. யாருக்கும் ஒரு கரைச்சலும் கொடுக்காமல் போய்விட்டார். பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள்.

பதினொரு மணிக்குள் ஒன்பது வளையங்கள் சேர்ந்துவிட்டன. வங்கியிலிருந்து ஒன்று, ஆட்டோக்காரர்களிடமிருந்து ஒன்று, பன்சலையிலிருந்து தாமரை மொட்டு ஒரு கட்டு. எல்லாவற்றிலும் பெரியது மாத்தளையில் பூக்கடை வைத்திருக்கும் பழனிமுத்து அனுப்பியது. பத்து வருடமாக வாப்பாவோடு முகம் கொடுத்துப் பேசாத மனிதர். றுஸைனா அதன் பின்பக்கத்தைத் திருப்பி முடிச்சைப் பார்த்தாள். கம்பி வெளியே தெரிந்தது. வாப்பா இருந்திருந்தால் இரண்டு நாளைக்கு இதையே சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருப்பார். அவளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

உள்ளறையில் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த கைறுன்னிஸா அவளைக் கண்டதும் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். ஏதோ அழப்போகிறாள் என்று நினைத்து றுஸைனா குனிந்தாள்.

"அந்தப் பூவுக்கெல்லாம் தண்ணி தெளிச்சியா மகள்? வாடினா ஒங்கட வாப்பா ஏசுவாரு."

தண்ணீர் தெளிக்கப் போனபோதுதான் மூலையில் இருந்த நீல வாளியை அவள் கண்டாள். அதில் ஒரு பூச்செண்டு. சிவப்பு ரோஜா, மஞ்சள் ஜேர்பரா, நடுவில் ஒற்றை அந்தூரியம். குச்சியில் செருகிய சிவப்பு பலூன் ஒன்று, மேலே பிறந்தநாள் வாழ்த்து ஆங்கிலத்தில் பொன்னிறமாக மின்னியது. நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா ஒரு மணி நேரம் எடுத்துக் கட்டியது. மூன்று தரம் அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். அவள் உதவப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

அந்தச் செண்டுக்குப் பின்னால் ஒரு வருடக் கதை இருந்தது.

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கும் ராசம்மாவுக்கு அவளுடைய மகன் சசிக்குமார் கட்டாரிலிருந்து வருடா வருடம் பிறந்தநாளுக்குப் பூ அனுப்புவான். போன வருடம் அதே நாளில் கீழ் டிவிஷனில் ஒரு பழைய கங்காணி செத்துப்போனார். இரண்டு வீட்டுக்கும் பூ கொண்டு போனது அழகையாவின் ஆட்டோ. அழகையா நல்ல மனிதர், பொல்லாப்பு தெரியாதவர், இடது எது வலது எது என்பதும் தெரியாதவர். கண்ணீர் அஞ்சலி என்று நாடா கட்டிய வளையத்தைக் கொண்டுபோய் ராசம்மாவின் கையில் கொடுத்து, மகனோட பூவும்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மகனுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று ராசம்மா நினைத்துவிட்டாள். லய வீட்டுச் சனமே கூடி ஒப்பாரி வைத்தது. சசிக்குமார் வேலையில் இருந்ததால் போனை எடுக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து அவனே போன் பண்ணி, பூ வந்திச்சாம்மா என்று கேட்டபோது ராசம்மா மயங்கி விழுந்தாளாம். இதற்கிடையில் கீழ் டிவிஷனில் பிறந்தநாள் பலூன் கங்காணியின் கால்மாட்டில் நின்றது. இது இப்போதைய டவுன் பழக்கமாக்கும் என்று எண்ணி, அந்தச் சனம் அதைக் குழி வரைக்கும் மரியாதையாகக் கொண்டு போனது.

மறுநாள் ராசம்மா பஸ் ஏறி வந்து கடை வாசலில் நின்று கேட்ட கேள்வி உக்குவளை ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது. உசிரோட இருக்கிற பிள்ளைக்கு ரெண்டு மணித்தியாலம் அழ வச்சீங்களே என்றாள். ஸக்கரியா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அழகையாவின் பெயரைக்கூட எடுக்கவில்லை. அடுத்த வருடம் நானே கொண்டு வந்து உங்கள் கையில் தருகிறேன் என்று மட்டும் சொன்னார். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மேல் டிவிஷனுக்கு ஆட்டோ போகாது, கடைசியில் நூற்றுச் சொச்சம் படி ஏற வேண்டும். வாப்பாவுக்கு முழங்கால் வருத்தம். ஆனாலும் இரண்டு மாதமாகத் தினமும் பின்னேரத்தில் பள்ளிவாசல் படியில் ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தார். கேட்டவர்களிடம், எனக்கு எல்கடுவையில் ஒரு சோதனை இருக்கிறது, பாஸாக வேண்டும் என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த நாள் இன்று.

றுஸைனா வாளியை வெளிச்சத்துக்கு நகர்த்தினாள். பிறகு சசிக்குமாருக்குச் செய்தி அனுப்பினாள். வாப்பா மௌத், பூ பின்னேரத்துக்குள் வரும், நான் கொண்டு வருவேன். அன்ஸாபிடம் சொன்னபோது அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சீறினான். மூத்தவள் என்பதால் அவளைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவான்.

"மையத்து ஊட்டுலேருந்து பலூனோட வெளிய போகப் போறீங்களா தாத்தா? ஊரு என்ன செல்லும்?"

"செல்றத்த செல்லட்டும். வாப்பா வாக்குக் குடுத்தீக்கிறாரு. அவர்ட மத்த வேலையெல்லாம் நாளைக்குச் செய்யலாம். இத இன்டைக்குத்தான் செய்யேலும்."

உள்ளே மையத்துக்குக் கபன் துணி சுற்றி முடித்துவிட்டார்கள். அவள் போய்க் கடைசியாக வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். விரல் நுனியில் ரோஜா முள் கீறிய தழும்புகளைப் பார்க்க ஆசையாக இருந்தது, ஆனால் கைகளை மூடிவிட்டிருந்தார்கள். ளுஹர் பாங்கு சொல்வதற்குள் மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போனார்கள். அழகையாவும் தலையில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். முற்றம் சட்டென்று வெறுமையானது.

அவர்கள் வந்ததும் அழகையாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று றுஸைனா செண்டுக்குப் பொலித்தீன் சுற்றிக்கொண்டிருந்தாள். கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

ராசம்மா நின்றாள். பச்சைச் சேலை, சரிகைக் கரை, தலையில் கனகாம்பரம். ஒரு கையில் பத்திரிகையில் சுற்றிய டேலியாப் பூக்கள், மறு கையில் மூடி போட்ட ஒரு டப்பா. செத்த வீட்டுக்கு யாரும் இப்படி வரமாட்டார்கள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. சேலையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

"கொண்டு போயிட்டாங்களா புள்ள?"

"இப்பதான் அம்மா."

ராசம்மா அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலைலேருந்து உடுத்திக்கிட்டு வாசல்லயே குந்தியிருந்தேன். வரட்டும் மனுசன், தண்ணிகூடக் குடுக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன். பொறவு படியேறி வர்ற ஆளுன்னு கேசரி கிண்டி வச்சேன். மகன் போன் பண்ணித்தான் தெரியும். சேலைய மாத்தக்கூட தோணல புள்ள. அவரால வர முடியல. அதான் நா வந்துட்டேன்."

றுஸைனா அவள் கையிலிருந்த டேலியாக்களை வாங்கினாள். எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை. கடைக்குள் கொண்டுபோய், வாப்பா பூக்கட்டும்போது உட்காரும் முக்காலியின் மேல் வைத்தாள். பிறகு நீல வாளியிலிருந்து செண்டைத் தூக்கிக்கொண்டு வந்து ராசம்மாவின் முன்னால் நீட்டினாள். சுவர் முழுக்க வளையங்கள், நடுவில் சிவப்பு பலூன்.

ராசம்மா செண்டில் கட்டியிருந்த அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். மேலே மகன் சொல்லியனுப்பிய வாழ்த்து. அதன் கீழே நீலப் பேனையில், கொஞ்சம் கோணலாக, வாப்பாவின் கையெழுத்து. நானே கொண்டு வந்தேன், மன்னிக்கவும். ஸக்கரியா.

நேற்றே எழுதி வைத்துவிட்டார். இதை றுஸைனா அதுவரை பார்க்கவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது, அதுவும் பெரிய சத்தத்தோடு. உள்ளே ஓதிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ராசம்மா ஒரு கையால் செண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

"அழுவாத புள்ள. எறங்கி வந்தது நானு. கையில குடுத்தது அவருதான்."

மையவாடியில் அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பியபோது பெண்கள் உள்ளே ஆளுக்கொரு கரண்டி கேசரி தின்றுகொண்டிருந்தார்கள். கைறுன்னிஸா இரண்டாம் முறை கேட்டாள். ராசம்மாவைக் கண்டதும் அழகையா மரத்துக்குப் பின்னால் போகப் பார்த்தார். அவள் விடவில்லை. ஆட்டோவை எடுக்கச் சொன்னாள்.

"எங்க எறக்கணும்னு நல்லா சொல்லிருங்கம்மா" என்றார் அழகையா, றுஸைனாவைப் பார்த்து.

"பூவோட நானும் இருக்கேன்ல. இந்த தடவ மாத்திக் குடுக்க ஒன்னால முடியாது" என்றாள் ராசம்மா.

அவள் ஏறி உட்கார்ந்ததும் பலூன் கூரையில் இடித்தது. தொப்பியைக் கழற்றாமல் நின்ற அன்ஸாப் முன்னால் வந்தான். குச்சியைச் சாய்த்து, பலூனைப் பக்கவாட்டில் வெளியே விட்டு, அது நழுவாமல் ராசம்மாவின் விரல்களுக்குள் வைத்து மூடினான்.

ஜனாஸாவுக்கு வந்த ஆட்கள் ஆட்டோவுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றார்கள். எல்கடுவ ரோட்டில் திரும்பும் வரைக்கும் சிவப்பு பலூன் ஆடிக்கொண்டே போனது.