பதினான்காம் குழாய்

அறுபத்தேழு மணி நேரம், செவ்வாய்க்கிழமை மாலை நான்கிலிருந்து எண்ணினால், எண்ணாமல் இருக்கவும் முடியவில்லை, இப்போது வெள்ளி காலை பதினொன்று, அறுவை மருத்துவரின் அறைக்கு வெளியே நாற்காலியில் ஆய்வு மாணவியான அவள், மடியில் ஆய்வுக்கூடத்துக் கோப்பு, அதற்குள் அவளே போட்ட வரைபடம். பதினான்காம் எண் குழாய்க்கான கம்பம் மட்டும் மற்ற எல்லாவற்றையும் தாண்டி நெட்டுக்குத்தாக நிற்கிறது. அது காட்டுவது இருபத்திரண்டு மரபெழுத்து நீளமே உள்ள ஒரு மைக்ரோஆர்என்ஏவின் அளவை, அது புரதம் எதையும் செய்யாது, மற்ற மரபணுக்களின் வாயைப் பொத்துவதுதான் அதன் வேலை, தைராய்டு செல்லில் அது பெருகினால் தடுக்க வேண்டியவை அடங்கிப்போகும், புற்று கழுத்தைத் தாண்டி நகரத் தொடங்கும்... மூன்று நாளாகத் தானும் வேறென்ன செய்கிறோம், வாயைப் பொத்திக்கொண்டிருப்பதைத் தவிர?

பக்கத்து நாற்காலியில் பதினான்கு. தையற்காரி. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் முகம் தெரியக் கூடாது என்பது ஆய்வின் விதி, ஆனால் மருத்துவர் சற்றுமுன் உற்சாகத்தில், உங்க டெஸ்ட்டைப் பண்ணது இந்தப் பொண்ணுதான் என்று சொல்லிவிட்டார். கழுத்தில் பழைய தழும்பு, பிசிறில்லாத ஒற்றைத் தையல். "ஏம்மா, போன தடவை பாதி தைராய்டை எடுத்துட்டு, மீதி பத்தரமாத்துத் தங்கம்னாரு. இப்ப அதையும் குடுங்கறாரு. ஒரே துணியை நான் ரெண்டு தடவை வெட்டுனா கஸ்டமர் சும்மா விடுவாங்களா?" சிரிக்கிறாள், கை மட்டும் தொண்டையை விட்டு இறங்கவில்லை. "நிச்சயந்தானா, நீயே சொல்லு." மூணு தடவை ஓட்டிப் பார்த்தேன்க்கா என்கிறாள் இவள், அது உண்மை, இயந்திரம் பொய் சொல்லவில்லை என்பதும் உண்மை, உண்மைகளாகவே அடுக்கி ஒரு மனுஷியை மேசையில் படுக்க வைத்துவிட முடியும் போலிருக்கிறது.

பத்தொன்பதாம் குழாய்க்கு உரியவர்? அவர் லாரி ஓட்டுபவராம். அவருக்கும் மீந்திருந்த பாதியில்தான் ஊசியால் குத்தி எடுத்தார்கள், சுத்தமா இருக்கு, ஆறு மாசம் கழிச்சு வாங்க என்று நேற்றே அனுப்பிவிட்டார்கள். இந்நேரம் எந்தச் சாலையில் போய்க்கொண்டிருப்பார், உள்ளே ஏதாவது அவரோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருக்குமோ... அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் ஆய்வு வழிகாட்டி வரைபடத்தைப் பார்த்து, கிராஃப்னா இதுதாம்மா கிராஃப் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார், வகுப்பில் ஒருநாளும் கை தூக்கியறியாதவள் அத்தனை பேர் நடுவில் எப்படி... அப்புறம் புதன் போயிற்று, வியாழன் போயிற்று, ஒவ்வொரு மணி நேரமும் முந்தையதைவிடக் கனத்தது.

கதவு திறந்தது, இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். மருத்துவர் ஒப்புதல் படிவத்தை மேசைமேல் தையற்காரியின் பக்கம் திருப்பி வைத்தார். "திங்கக்கிழமை ஆபரேஷன் தியேட்டர் போட்டாச்சு. பயப்படாதீங்க, இங்க கையெழுத்து." தையற்காரி கண்ணாடியைத் தேடினாள், கிடைக்கவில்லை, எங்கம்மா போடணும் என்று இவளைத்தான் கேட்டாள். விரலை வைத்துக் காட்டினால் போதும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை, ஆனால் யாருடையதோபோல் ஒரு குரல் அவளிடமிருந்து வந்தது.

"போடாதீங்கக்கா. சார், செவ்வாக்கிழமை ஸ்பிரிட் கொட்டி ரெண்டு குழாய் மூடியிலயும் நம்பர் அழிஞ்சுபோச்சு. எது பதினாலு, எது பத்தொம்பதுன்னு நான் குத்துமதிப்பாத்தான் எழுதினேன்."