கீறல் விழாத முப்பத்தோரு வருடம்

...திரும்பிப் பார்த்திருக்கலாம், ஒரு நொடிதான், கழுத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் அவளும் அவள் கையிலிருந்த துணி வாளியும் தெரிந்திருக்கும், ஆனால் யார் பார்ப்பது, முப்பத்தோரு வருடம் பேருந்தைச் சந்துபொந்தெல்லாம் ஓட்டி ஒரு கீறல் விழாமல் ஓய்வு பெற்றவர், சொந்த வீட்டு வாசலில் இந்தத் தீப்பெட்டிக் காரைப் பின்னால் எடுக்கவா திரும்பிப் பார்ப்பார்? "என்னங்க, பின்னாடி துணி காயப்போடுறேன், பாத்து எடுங்க" என்று மனைவி கத்தியது காதில் விழுந்தது, விழாமல் என்ன, "யாருக்கு யாரு சொல்றது" என்று சிரித்தாரே, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அந்தச் சத்தம்... வாளிதான் என்று நினைத்தார். வழியில் வாளியை வைத்தது யார் என்று முதலில் கோபம்தான் வந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

எக்ஸ்ரே அறைக் கதவு இன்னும் திறக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம் என்றார்கள். சட்டைப் பையில் கை போனால் போன ஞாயிறு வேதபாட வகுப்புக்கு எழுதிய குறிப்பு தட்டுப்படுகிறது, மேட்டிமையைப் பற்றி, வேறெதைப் பற்றி... தலைக்கனத்தால் மாடுபோலப் புல் மேய்ந்த ராஜா, எல்லாரும் ஓடினாலும் நான் ஓட மாட்டேன் என்று மார்தட்டிவிட்டு விடிவதற்குள் தன் குருவையே யாரென்று தெரியாது என்ற சீடன், எவ்வளவு அழகாகச் சொன்னார், முன்வரிசைத் தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு "உங்களை மாதிரி யாராலயும் சொல்ல முடியாதுங்கய்யா" என்றபோது தலையைக் குனிந்து "எல்லாம் தேவ கிருபைம்மா" என்றார், எவ்வளவு குனிந்தால் எடுப்பாக இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. கிருபையாம்! வீட்டுக்கு வந்து அதையே மனைவியிடம் மூன்று தடவை சொன்னார், அவள் காய் நறுக்கிக்கொண்டே உம் கொட்டினாள், நிமிர்ந்தாளா? ஞாபகமில்லை, அவர் எங்கே அவள் முகத்தைப் பார்த்தார்...

மகன் வந்துவிட்டான், வேலையிடத்து அடையாள அட்டை இன்னும் கழுத்தில் ஆடுகிறது. "எப்படிப்பா ஆச்சு?" நான்தான் இடிச்சேன், இரண்டே வார்த்தை, அதற்குப் பதில் பையிலிருந்த குறிப்பை இன்னும் உள்ளே தள்ளினார். அதற்குள் கதவு திறந்து அவளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள், கூடவே டாக்டர். "வண்டி இடிச்சுதாம்மா?" அவள் கண்ணைத் திறந்தாள். "இல்லீங்க, வாளி தடுக்கி நானே விழுந்துட்டேன். வண்டி நின்னுட்டுதான் இருந்துச்சு. அவரு வண்டி எடுத்தா எறும்புகூடச் சாகாது." டாக்டர் அவரைப் பார்த்தார், மகனும் பார்த்தான். அவர் தலையை ஆட்டினார். ஆட்டியே விட்டார். நெஞ்சில் பால் வார்த்ததுபோல் ஒரு நிம்மதி, சீ, வெட்கம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

வலியில் அவள் உதடு வெளுத்திருக்கிறது, ஆனால் குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை, யோசிக்கவில்லை, எச்சில் விழுங்கவில்லை, மணி கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள்... முதல் தடவையாகப் பொய் சொல்கிறவள் இப்படியா சொல்வாள்? அப்படியென்றால் இதற்கு முன்னால் அவருக்காக, டிப்போவிலா, சபையிலா, இந்தப் பிள்ளையிடமா, யாரிடமெல்லாம்... எதையெல்லாம்...