மனதுக்குள் மூன்று தடவை

உதட்டுவாத்தியாரை நான் அடித்தது உண்மை. எத்தனை அடி என்று போலீஸ்காரர் கேட்டார். எண்ணிக்கொண்டா அடிப்பார்கள்? என் கால் மட்டும் முறியாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்தே கொடுத்திருப்பேன்.

எங்கள் சலவைப் பிரிவு ஹோட்டலின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. ஈரமான படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விடுவது என் வேலை. மறுபக்கம் வெளியே வருவதை எடுத்து மடிப்பவள் என் நாத்தனார். அவளுக்கு வீசிங். இப்படி நீராவியிலேயே நின்றால் ஒரு வருஷத்தில் நெஞ்சு கெட்டுவிடும், வேறு வேலைக்கு மாற்றுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் லாரியோடு போனால் வாரம் ஒருமுறைதான் தலையைக் காட்டுவார். தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுக்க என் தலையில்.

அந்தச் சமயம் பார்த்து மேலே வரவேற்பு மேஜையில் ஓர் இடம் காலியானது. ஆங்கிலத்தைச் சுத்தமாக உச்சரிக்கிறவர் யாராக இருந்தாலும், சலவைக்காரியே ஆனாலும், அந்த இடம் அவருக்குத்தான் என்று புது நிர்வாகம் அறிவித்தது. சொல்லிக்கொடுக்க ஓர் ஆளையும் கீழே அனுப்பியது.

உதட்டுவாத்தியார் என்பது அவனுக்கு நாங்கள் வைத்த பெயர். கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல். 'ஸ்டீம்' என்று சொல்லச் சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முன்னால் ஓர் 'இ' ஒட்டிக்கொண்டுதான் வரும். 'இஸ்டீம்' என்று வாயிலிருந்து வந்த அடுத்த நொடி தாடையில் சுளீரென்று விழும். 'ஃபேன்' என்பது 'பேன்' ஆகிவிட்டால் உதட்டில் விழும்.

"உங்க ஊர் நாக்கை ஊர்லயே கழட்டி வச்சுட்டு வர வேண்டியதுதானே?" என்பான்.

பிள்ளை பெற்றவர்களெல்லாம் வரிசையில் நின்று ஸ்கேலடி வாங்கினோம். வெளியே சொன்னால் நமக்குத்தான் வெட்கம் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். நான் இரண்டாம் நாளே "போடா" என்று சொல்லிவிட்டு வகுப்பை விட்டு வந்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையில் அவனால் உச்சரிப்புப் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

நாத்தனார் விடாமல் போனாள். தினமும் தாடை சிவந்து வரும். அந்த மேஜை வேலையையும் விட மனசில்லை, அடி வாங்குவதையும் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் அந்த யோசனையைச் சொன்னேன்.

"தப்பா வந்தாத்தானே அடிக்கிறான்? பேசறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள மூணு தடவை சொல்லிப் பாருடி. மூணும் சரியா இருந்தா மட்டும் வெளியே விடு."

பலித்தது. ஸ்கேலடி பாதியாகக் குறைந்தது. எனக்குப் பேராசை பிடித்துக்கொண்டது. வீட்டிலும் பழக்கினேன். மூன்று தடவை சொல்லிப் பார்க்காமல் சட்டென்று பதில் சொன்னால் கன்னத்தில் ஒன்று வைப்பேன். முதலில் சும்மா தட்டுவதுதான். போகப் போகக் கை தானாக ஓங்கியது. ஒருநாள் நான் அறைந்த அறையில் பல் பட்டு உதடு கிழிந்து, சாப்பாட்டுத் தட்டில் ரத்தம் சொட்டியது.

"உன் நல்லதுக்குத்தாண்டி அடிக்கிறேன்" என்றேன்.

"தெரியும் அண்ணி" என்றாள். அதைச் சொல்வதற்கும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

பரீட்சையன்று மேனேஜரே கீழே இறங்கி வந்தார். வேலை செய்தபடியே அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். வாய் தவறி நம்ம பேச்சில் ஒரு வார்த்தை வந்தாலும் ஃபெயில். அவரும் உதட்டுவாத்தியாரும் இயந்திரத்தின் பக்கவாட்டில் அவளைப் பார்த்தபடி நின்றார்கள். எனக்குப் பின்னால் சரிவுப் பாதை. ஈரத் துணி ஏற்றிய டிராலிகள் அதன் வழியாகத்தான் கீழே வரும். அந்தப் பாதை அவள் ஒருத்தியின் கண்ணுக்குத்தான் நேராக இருந்தது.

நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்திவிட்டாள். என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது. பதில் மறந்துவிட்டது போல என்று நினைத்து எனக்குக் கோபம் தலைக்கேறியது. சொல்லித் தொலையேன் என்று கண்ணாலேயே முறைத்தேன். உருளைச் சத்தத்தில் எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

பிரேக் அறுந்த டிராலி முழுப் பாரத்தோடு வந்து என்னை இயந்திரத்தின் இரும்புக் காலோடு வைத்து நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்த சத்தம் காதில் கேட்டது. அலறிக்கொண்டு விழுந்தேன்.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்தாள்.

"ப்ளீஸ் ஸ்டெப் அசைட், மேடம்."

'ஸ்டெப்'புக்கு முன்னால் 'இ' இல்லை. ஒரு பிசிறு இல்லை.

"பெர்ஃபெக்ட்!" என்றான் உதட்டுவாத்தியார். பழக்கதோஷம்.

அவன் கால் எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பேன்ட்டைப் பிடித்து ஒரே இழுப்பு. மூக்கு இரும்புச் சட்டத்தில் மோதி ரத்தம் பீறிட்டது. அவன் ஸ்கேலாலேயே முகத்தில் மாறி மாறி அடித்தேன். அது உடைந்ததும் கை முஷ்டியால் குத்தினேன். வாயிலிருந்து ஒரு பல் தரையில் விழுந்தது. முறிந்த கால் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது, நான் நிறுத்தவில்லை. அத்தனை அடியிலும் "ஸ்டாப், ஸ்டாப்" என்று ஆங்கிலத்திலேயே கத்தினான். அதை மெச்சத்தான் வேண்டும். மூன்று பேர் சேர்ந்து என்னைப் பிய்த்து எடுத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வரவேற்பு மேஜைக்காரர்கள் போடும் கறுப்புக் கோட்டு போட்டிருந்தாள். பிரேக் விஷயமும் ஸ்கேல் விஷயமும் வெளியே போகக்கூடாது என்று அவசர அவசரமாக வேலையைக் கொடுத்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கண்ணால பார்த்துக்கிட்டே நின்னியேடி. 'அண்ணி'ன்னு ஒரு குரல் கொடுத்திருந்தா நகர்ந்திருப்பேனே. அந்த ஸ்கேலுக்கா அவ்வளவு பயந்த?"

"ஸ்கேலுக்கு இல்ல அண்ணி." தலையைக் குனிந்துகொண்டாள். "கத்தியிருந்தா ஃபெயிலாயிடுவேன். வீட்டுக்கு வந்ததும் நீங்க அடிப்பீங்களேன்னு நெனச்சேன்."

பாவி, இந்தப் பெண்ணை என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் கன்னத்தைத் தடவத்தான் கையைத் தூக்கினேன்.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு, கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.