அர்விட் நிரப்பிய தோட்டாக்கள்

என் நண்பன் அர்விட் பிப்ரவரியில் மாரடைப்பில் போனான். எங்கள் ஐடஹோ மலைகளில் பனி உருகத் தொடங்கியதும் அவன் மனைவி மார்லிஸ் ஒரு காபி டப்பாவைக் கொண்டுவந்து என் பட்டறை மேசையில் வைத்தாள். உள்ளே, காலிக் குப்பிகளில் வெடிமருந்தும் குண்டும் வைத்து அவன் கையால் நிரப்பிய ரிவால்வர் தோட்டாக்கள்.

குதிரையிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகு, கடையில் விற்கும் மேக்னம் என்ற வீரியமான ரகத் தோட்டா சுடும்போது கொடுக்கும் உதையை மார்லிஸால் தாங்க முடியவில்லை. அவளுக்கென்றே மருந்தைக் குறைத்து அர்விட் நிரப்பிக் கொடுப்பான்.

"வா ராய்ஸ், துப்பாக்கி கிளப்புக்குப் போய் இதையெல்லாம் சுட்டுத் தீர்ப்போம். அவருக்கு அதான் பிடிக்கும்."

"வேணாம் மார்லிஸ். அடுத்தவங்க நிரப்பினத யாரும் சுடக் கூடாது. எங்களுக்கு இதச் சொல்லிக் குடுத்ததே உங்க ஆளுதான்."

"அடுத்தவங்களா? வருஷா வருஷம் அவரு அடிச்ச மான்கறியத் தின்னியே, அப்ப அடுத்தவராத் தெரியலயா?"

பிரித்துப் பார்த்துவிடலாம் என்றேன். "என் கண்ணு முன்னாடி பிரி" என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சுத்தியல் போன்ற கருவியில் தோட்டாவைப் பொருத்தித் தட்டினால் ஈயக் குண்டு கழன்று மருந்து கொட்டும். ஒவ்வொன்றையும் தராசில் வைத்தேன். சரியாகவே இருந்தது. "பாத்தியா?" என்றாள் ஒவ்வொரு முறையும்.

பாதி டப்பா காலியானபோது, ஒன்றில் மருந்து இரண்டு மடங்கு இருந்தது. மேக்னம் குப்பி பெரியது. குறைந்த மருந்து அடியில் கிடக்கும். தவறி இரண்டாம் முறை ஊற்றினாலும் வழியாது. அதனால்தான் குண்டைப் பொருத்தும் முன் ஒவ்வொரு குப்பிக்குள்ளும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். அதைச் சுட்டிருந்தால் துப்பாக்கி அவள் கையிலேயே வெடித்திருக்கலாம்.

மறைக்கப் பார்த்தேன். அதற்குள் தராசைப் பார்த்துவிட்டாள்.

"இலை உதிர்றப்பவே இனி நிரப்ப மாட்டேன்னுட்டார்" என்றாள் மெதுவாக. "தோள் வலியாம். சோம்பேறின்னு திட்டினேன். என் பிறந்தநாளுக்காவது நிரப்பிக் குடுங்கன்னு நச்சரிச்சேன். நிரப்பினார். ஆனா கையில தரவேயில்ல. குளிர் போகட்டும், குளிர் போகட்டும்னே சொல்லிட்டிருந்தார்."

போன கோடையில் என் பெயர் வாயில் வராமல் அவன் திணறியதைச் சொன்னேன்.

"வீட்லயும் அப்படித்தான். அடுப்ப அணைக்க மறந்துருவார். வயசாகுதுன்னு விட்டுட்டேன். தன் கையவே நம்பாம பயந்துட்டு இருந்திருக்கார், ராய்ஸ். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

மிச்சத்தை அவளே தட்டினாள். மணிக்கட்டு வலித்தும், நான் கேட்டும், கருவியைக் கொடுக்கவில்லை. வேறு எதிலும் தவறில்லை. மருந்தை, வழக்கம்போல் புல்லுக்கு உரமாகட்டும் என்று, புல்வெளியில் தூவினோம். பிறகு தன் வண்டியில் ஏறியவள் அதைக் கிளப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி, அவள் அழுது முடியும்வரை பக்கத்தில் இருந்தேன்.