தவசிமுத்து உபயம் செய்த மவுஸ்

எங்கள் கேரம் கிளப்பில் மேசை கிடையாது. நாலு போர்டு உண்டு, நாலிலும் எப்போதும் ஆட்டம் நடக்கும். செயலாளராகிய நான் லேப்டாப்பை எங்கே வைப்பேன் என்று பதினோரு வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. கோப்பை அலமாரிக் கண்ணாடி மேல் வைப்பேன், இரும்புப் பெட்டி மேல் வைப்பேன், சில நாள் மடியில் வைத்துக்கொண்டு எல்லோரையும் திட்டுவேன். "ஜானட்டாண்ட கம்ப்யூட்டர் கீது, அது செக்ரெட்டரியா இருக்கட்டும்" என்று தலைவர் எத்திராஜ் சொன்னதோடு எங்கள் தேர்தல் முடிந்தது. அவர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். எதையும் தூக்கி ஒரு இடத்தில் வைத்தால் அதோடு விட்டுவிடுவார்.

மேசைதான் இல்லையே தவிர, எங்களுக்குத் தவசிமுத்து அண்ணாச்சி உண்டு. கல்மண்டபத்தில் வெங்காய மண்டி வைத்திருக்கிறார். ஆட்டம் சுமார், மனசு பெரிசு. ஆனால் எதைக் கொடுத்தாலும் அதில் 'உபயம்: தவசிமுத்து' என்று இருந்தாக வேண்டும். மின்விசிறியின் இறக்கை மூன்றிலும் பெயர். வேகமாகச் சுற்றினால் படிக்க முடியவில்லை என்று அவரே எழுந்துபோய் ஒன்றில் வைத்துவிடுவார். மே மாதத்திலும் ஒன்றுதான். சுவர்க் கடிகாரத்தில் நாலுக்கும் எட்டுக்கும் நடுவே பெயர் படுத்திருக்கும், எண்கள் தெரியாது. சாயங்காலம் மணி என்ன என்று கேட்டால் குத்துமதிப்பாகத்தான் சொல்வோம்.

இப்போது சைமா விஷயத்துக்கு வருகிறேன். பதினேழு வயசு. இந்த வட்டாரத்தில் அவள் கைக்கு ஈடு கிடையாது. போன வருஷம் மாநிலப் போட்டிக்கு அவள் பெயரை அனுப்பவேண்டியவள் நான். நாளைக்கு அனுப்பலாம் என்று இருந்தேன், மறுநாள் இணையதளம் மூடிவிட்டது. சைமா ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றுவரை ஜானட்டக்கா என்று கூப்பிட்டவள், அன்றிலிருந்து மேடம் என்று கூப்பிடுகிறாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. ஜூனியரில் ஆட இதுதான் கடைசி வருஷம், போட்டி திருச்சியில். அவளுடைய பிறப்புச் சான்றிதழ் சனிக்கிழமை சாயங்காலம்தான் கைக்கு வந்தது. ஞாயிறு மதியம் பன்னிரண்டோடு பதிவு முடிகிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு என் லேப்டாப்பின் டச்பேட் செத்தது. பதினோரு வருஷ கேரம் பவுடர் அதற்குள் இறங்கியிருந்தது. போனில் திறந்தால் அந்தப் படிவம் பாதிதான் தெரிந்தது.

"ஒரு மவுஸ் வாங்கினா முடிஞ்சுது, நான் உபயமா தாரேன்" என்றார் அண்ணாச்சி.

"ஒயர் இல்லாததா வாங்கணும். நான் எங்க வெச்சாலும் அது ஓடணும்" என்றேன்.

இதைச் சொன்னது என் தப்பு. மண்டிக்காரர் சரக்கைக் கையில் அள்ளிப் பார்க்காமல் வாங்குவாரா? எங்கெங்கே ஓட வேண்டுமோ அதையெல்லாம் கடைக்கே எடுத்துக்கொண்டு போவோம் என்று தீர்மானித்துவிட்டார். எத்திராஜ் ஒரு போர்டைத் தலையில் தூக்கிக்கொண்டார். சைமா அலமாரிக் கண்ணாடியைக் கழற்றினாள். இரும்புப் பெட்டிக்குப் பதிலாக நான் டிபன் பாக்ஸ் மூடியை எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சி ஒரு வெங்காயக் கோணியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். "நீ ஒருநாள் மண்டியில உக்காந்து வேலை பாக்க வேண்டி வந்துட்டுன்னா?" என்றார்.

மொஹ்சின் கம்ப்யூட்டர் கடையை அப்போதுதான் திறந்திருந்தான். எங்கள் ஊர்வலத்தைப் பார்த்து ஷட்டரைப் பாதி இறக்கினான்.

முதல் மவுஸ் சிவப்பு. அதை நான் வாங்கிப் பார்ப்பதற்குள் எத்திராஜ் போர்டில் பவுடரைத் தூவி, மவுஸை வைத்து விரலால் சுண்டினார். அது போய் மூலைக் குழியில் முட்டி நின்றது. "ஸ்லைடு நல்லா கீது. வெய்ட்டு பத்தாது" என்றார்.

"அண்ணே, கடை கம்ப்யூட்டர்ல அம்பு நவுருதான்னு பாக்கணும்" என்றேன்.

"அம்பு கெடக்குது. கைக்கு நிக்கணும் இல்ல?"

இரண்டாவது மவுஸ் கோணியில் ஓடியது, கண்ணாடியில் அசையவில்லை. மூன்றாவது கறுப்பு, கொஞ்சம் கனம். கண்ணாடியில் ஓடியது, டிபன் மூடியில் ஓடியது, கோணியில் ஓடியது, போர்டிலும் ஓடியது. எனக்கு நிம்மதி. எத்திராஜ் அதையும் சுண்டினார். அது பறந்துபோய்ப் பென்டிரைவ் வரிசையைச் சாய்த்தது. "இதாம்பா ஸ்ட்ரைக்கரு" என்றார்.

"நீங்க மவுஸுதானே வாங்க வந்தீங்க?" என்று கேட்டான் மொஹ்சின்.

அப்போது பதினொன்று பத்து. அண்ணாச்சி மவுஸை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நீங்க முன்னால போங்க, ஒரு நிமிஷத்துல வாரேன்" என்றார். அவர் வரும்போது பதினொன்று முப்பத்தைந்து. எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரியாதா? மவுஸைப் பிடுங்கி மேலே பார்த்தேன். பெயர் இல்லை. மனுஷன் திருந்திவிட்டார் என்று மனசுக்குள் மன்னிப்புகூடக் கேட்டேன்.

மவுஸைப் போர்டில் வைத்தேன். அம்பு நகரவில்லை.

பவுடர் ஜாஸ்தி என்று எத்திராஜ் துடைத்தார். நகரவில்லை. கண்ணாடியில் வைத்தோம், கைரேகை என்று துடைத்தோம். டிபன் மூடி, கோணி, வாசல் சிமென்ட், எத்திராஜின் லுங்கி, கடைசியில் அண்ணாச்சியின் வயிறு. பட்டனை அழுத்தினால் சொடுக்குகிறது, அம்பு மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. கடிகாரத்துப் பேட்டரியைக் கழற்றி மவுஸில் போட்டோம். கடிகாரமும் நின்றுபோனதுதான் மிச்சம். மொஹ்சினுக்குப் போன் போட்டால், "என் கடைல கோணி மேலயே ஓடிச்சே" என்கிறான்.

போனில் பதினொன்று ஐம்பது. சைமா போனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த வருஷமும் நான்தான் கெடுத்தேன் என்று ஆகிவிடும்.

"குடு மேடம்" என்றாள். ஸ்ட்ரைக்கர் ஓடாவிட்டால் ஆட்டக்காரர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். துடைப்பதற்காகத் திருப்பினாள்.

அடியில், மஞ்சள் ஸ்டிக்கரில் சிவப்பு எழுத்து. உபயம்: தவசிமுத்து, வெங்காய மண்டி, கல்மண்டபம்.

"மேல ஒட்டினா கை மறைச்சிரும்லா? அதான் அடியில ஒட்டுனேன். யாரும் மறைக்க முடியாது" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, அங்கதான் அதுக்குக் கண்ணு கீது. அதால தரையைப் பாத்தாதான் அம்பு நவுரும்" என்றாள் சைமா.

"கண்ணா? ஓட்டைன்னுல்லா நெனச்சேன். புதுச் சரக்குல ஓட்டை கெடக்கேன்னு அழகா மூடிட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரையே மஞ்சள் ஸ்டிக்கரில் சுற்றியிருப்பேன். நான் கிழிக்கப் போனேன். அவர் விடவில்லை. தானே நகத்தால் ஓரத்தை நெம்பி, பெயர் கிழியாமல் உரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சைமா துப்பட்டாவால் பிசினைத் துடைத்தாள். பதினொன்று ஐம்பத்தாறு. அம்பு நகர்ந்தது.

படிவத்தை நிரப்பிச் சான்றிதழை ஏற்றினேன். கடைசியில் ஒரு விளையாட்டு. நாம் மனுஷர்தான் என்று காட்ட, படத்தில் விட்டுப்போன துண்டை இழுத்து அதன் இடத்தில் சேர்க்க வேண்டும். மூன்று தடவைதான் வாய்ப்பு. நான் இழுத்தேன். முதல் தடவை தாண்டிப் போனது. இரண்டாம் தடவை முன்னாலேயே நின்றது.

மவுஸைச் சைமாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதைப் போர்டின் கோட்டில் வைத்தாள், திரையில் இருந்த இடைவெளியைக் காயைப் பார்ப்பது போலப் பார்த்தாள், பட்டனை அழுத்தியபடி ஒரே தள்ளு. துண்டு போய் உட்கார்ந்தது. பச்சை நிறத்தில் பதிவு எண் வந்தது. பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் இருந்தது. எத்திராஜ் கோணியில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணாச்சி மட்டும் ஸ்டிக்கரை விரல் நுனியில் ஏந்திக்கொண்டு, ஒட்ட இடம் இல்லாமல் நின்றார். கோபமெல்லாம் போய் எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சைமா போய் அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"இங்க ஒட்டு அண்ணாச்சி. திருச்சில ஆடச்சொல்லோ எல்லாரும் பாக்கட்டும்."

அவர் இரண்டு கையாலும் ஒட்டி, நாலு மூலையையும் அழுத்திவிட்டு, மூக்கை உறிஞ்சினார். "எழுத்து சின்னதா இருக்கு பிள்ள. திருச்சிக்குப் பெருசா அடிச்சுத் தாரேன்" என்றார்.

சைமா முதுகை என் பக்கம் திருப்பினாள். "ஜானட்டக்கா, நேரா கீதா பாரு."

கோணலாகத்தான் இருந்தது. நேராக இருக்கிறது என்றேன்.