பன்னிரண்டாவது பயணி

1

இந்தக் கதை எனக்கு ஓர் அறிக்கையின் அடிக்குறிப்பில் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்க வேண்டாம். ஒரு பெருநகரம். அதன் கட்டடங்கள் ஒரு நாட்டில்; அதற்குத் தண்ணீரும் வேலையாட்களும் அனுப்பும் கிராமங்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டில். இரண்டையும் சேர்த்து நிர்வகிக்க ஒரு கூட்டு மன்றம். அந்த மன்றத்தின் போக்குவரத்து அறிக்கையைப் பிழை திருத்தும் கூலி வேலை எனக்கு வந்தது. நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், இப்படி இருந்தது: "பயண அட்டை ஒன்று கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. பயண நோக்கம்: இல்லை."

அந்த அட்டையின் பதிவைத் தேடிப் பார்த்தேன்; முதியோர் இலவச அட்டை. பதினோரு மாதம் நாள் தவறாமல் பஸ் ஏறிய ஒருவருக்கு நோக்கமே இல்லையாம்.

2

முதல் தொடக்கம்: "எல்லைச் சாவடியில் அவன் பையைத் திறக்கச் சொன்னபோது—"

வேண்டாம். கடத்தல்காரனாக்கினால் கதை தானாக ஓடும். ஆனால் முதியோர் இலவச அட்டையில் எவன் கடத்துவான்?

இரண்டாவது: "நகரத்தில் அவருக்கு ஒருத்தி—"

இதையும் அடித்தேன். அட்டைப் பதிவின்படி அவர் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, பதினைந்து நிமிடத்தில் அதே பஸ்ஸில் திரும்பிவிடுகிறார். பதினைந்து நிமிடத்தில் என்ன காதல்? (நல்ல சூடான டீயே ஆறாது.)

மூன்றாவதாக வந்தவர் போகாமல் நின்றுவிட்டார். பம்ப்காரர்.

3

கிராமத்து ஏரிக்கரையில் முப்பத்தொரு வருடம் பம்ப் ஓட்டி நகரத்துக்குத் தண்ணீர் அனுப்பியவர்.* இப்போது நகரத்தில் ஏதோ ஓர் அறையில் யாரோ பொத்தானை அமுக்கினால் இங்கே மோட்டார் ஓடுகிறது. மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. மகன் தொலைவில். ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்டீங்களாப்பா?" என்பான். "ஆச்சுப்பா" என்பார். ஒரு வாரத்தில் அந்த வீட்டுக்குள் கேட்கிற பேச்சு அவ்வளவுதான்.

(வீட்டை வர்ணிக்கப் பார்த்தேன். இரண்டு நாற்காலிகள், ஒன்றின்மேல் மடிக்காத துணி. அதற்கு மேல் ஓடவில்லை. என் அறையிலும் அப்படித்தான் இருக்கிறது.)

காலை ஒன்பது பத்து மணி பஸ்ஸில் அடுத்த தெருப் பெண் ஒருத்தி வருவாள். நகரத்து ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. விடியுமுன் எழுந்து ஒரு குடும்பத்துக்கே சமைத்து வைத்துவிட்டு வருவதால், உட்கார்ந்ததும் தலை சாய்ந்துவிடும். ஒருநாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், மேற்பார்வையாளரிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அது தெருவில் காதில் விழுந்து, மறுநாள் பம்ப்காரரும் அதே பஸ் ஏறி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ நிம்மதியா தூங்கும்மா. நான் எழுப்பி விடறேன்."

"உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்?"

"எனக்கு வேற என்ன வேலை வெட்டி இருக்கு?"

அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் முன்சீட்டுக் கம்பியை அட்டையால் இரண்டு தட்டுத் தட்டுவார். அவள் துள்ளி எழுந்து ஓடுவாள். அவர் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புவார். அந்த இரண்டு தட்டுக்காகத்தான் அவர் காலையில் சவரம் செய்துகொண்டார்.

*அதே பாலத்தின் அடியில் குழாய் போகிறது. அதன் நோக்கத்தை இதுவரை எந்த மன்றமும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

4

மன்றத்தின் விதி இது. பயணம் ஒன்றுக்குச் சராசரி பன்னிரண்டு பேர் இருந்தால் எல்லை தாண்டும் பஸ் ஓடும், இல்லாவிட்டால் நிறுத்தம். நோக்கமில்லாத பயணம் கணக்கில் சேராது என்று நகரத்து உறுப்பினர் ஒருவர் ஒரு வரியைச் சேர்த்தார். கிராமத்து உறுப்பினர் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. (அவர் வர வேண்டிய பஸ் பழுது என்று எழுதக் கை துறுதுறுத்தது. நீங்கள் நம்ப மாட்டீர்கள்.)

ஒன்பது பத்தில் வழக்கமாக வருகிறவர்கள், பம்ப்காரரையும் சேர்த்துச் சரியாகப் பன்னிரண்டு பேர்.

கணக்கெடுக்கும் பெண் டேப்லெட்டோடு வந்து அவர் சீட்டருகே நின்றாள்.

"ஐயா, தினம் எதுக்காகப் போறீங்க? வேலையா, வைத்தியமா, கடைக்கா?"

பம்ப்காரர் பக்கத்தில் பார்த்தார். சலவைப் பிரிவுப் பெண் வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த தெருக்காரியை எழுப்பிவிடுவதற்காக தினமும் நாடு தாண்டுகிறேன் என்று பஸ்ஸே கேட்கச் சொன்னால், ஊர் வாயில் அவர் மட்டுமா விழுவார்?

"சும்மாதாம்மா" என்றார்.

"சும்மான்னா எதைப் போடறது? ஏதாவது ஒண்ணு சொல்லுங்கய்யா."

"சும்மா போயிட்டு வரேன். அவ்ளோதான்."

கணக்கெடுக்கும் பெண் குரலைத் தாழ்த்தினாள். நல்ல பெண். "வைத்தியம்னு போட்டுக்கட்டுமா? முட்டிவலி, கிட்டிவலி…"

"முட்டியெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. பொய் எதுக்கும்மா?"

அவள் திரையை ஒருமுறை தொட்டாள். அடுத்த சீட்டுக்கு நகர்ந்தாள்.

(இந்த இடத்தில் "ஆமாம்மா, முட்டிவலிதான்" என்று ஒரு பிரதி எழுதினேன். முப்பத்தொரு வருடம் மீட்டரில் பார்த்ததை மட்டுமே எழுதிய மனிதர். அவர் வாயில் அது ஒட்டவே இல்லை.)

5

கணக்கில் மிஞ்சியது பதினொன்று. பஸ் நின்றது.

முடிவு அ: சலவைப் பிரிவுப் பெண் மன்றத்தில் எழுந்து நின்று, "அவர் சும்மா வரலைங்க, எனக்காக வர்றார்" என்கிறாள். கைதட்டல். பஸ் திரும்ப ஓடுகிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது, அதனால்தான் கிழித்தேன். மன்றம் கூடுவது வேலை நாளில். அவளுக்கு ஏது லீவு?

முடிவு ஆ: தன் ஒரு சொல்லால்தான் பதினோரு பேரின் பஸ் போயிற்று என்று பம்ப்காரருக்குத் தெரியவருகிறது. அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய், கதவை—

மாட்டேன். இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

உண்மையில் நடந்திருக்கக்கூடியது இவ்வளவுதான். அறிவிப்பு இணையதளத்தில் வந்தது. அவள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு விடுதிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஞாயிறன்றே கிளம்பிவிட்டாள். பம்ப் அண்ணனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தாள். டிரைவரும் அப்படியே நினைத்தார். எல்லோரும் நினைத்தார்கள், யாரும் சொல்லவில்லை.

6

திங்கட்கிழமை, மணி ஒன்பது நாற்பது. தகரக் கூரை போட்ட நிறுத்தத்தில் பம்ப்காரர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். சவரம் செய்த முகம். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருக்கிறார். "இன்னிக்கு லேட்டு போல" என்று சாலையைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறார்.

டிரைவரை அனுப்பிப் பார்த்தேன். தெருமுனைவரை வந்து திரும்பிவிட்டார். நான் போகலாம். ஆனால் அந்தச் "சும்மா"வை அவர் வாயில் வைத்தவன் நான். அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஆகவே நீங்கள் போங்கள். பஸ் வராது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏன் என்பதைச் சொல்வதும் மறைப்பதும் உங்கள் இஷ்டம்; அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் போனதும் போட்டு உடைத்துவிடாதீர்கள். முதலில் பக்கத்தில் உட்காருங்கள். நேற்று போனில் "ஆச்சுப்பா" என்றதற்குப் பிறகு அவர் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவராகவே பேச்செடுப்பார். முழுசாகப் பேசி முடிக்கட்டும்.